அரை வயிற்று உணவில் ஒரு தளபதி
(தோட்ட இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உயிர் எல்லார்க்கும் இனியது. அடுத்த நொடியே குண்டு பாயலாம் என்று அறிந்திருந்தும் ஒரு போர்வீரன் பதுங்குகுழியை விட்டு எழுந்து முன்னேறுகின்றானே, அவனை எழுப்புவது எது? சம்பளமா? சம்பளத்திற்காக மனிதன் உழைப்பான், சாகத் துணியமாட்டான். தண்டனை பற்றிய அச்சமா? அது அதிகாரியின் பார்வை படும் தொலைவு வரைதான் செல்லும். காட்டுப் போரில் பத்து முழத்திற்கு அப்பால் யாரும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே விடையை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கின்றது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் போரிட்ட பதினான்காம் படையின் வரலாற்றில் அது தெளிவாகக் கிடைக்கின்றது என்பது நம் கருத்து.

அப்படையின் தளபதி வில்லியம் ஸ்லிம். முதல் உலகப் போருக்கு முன்னர் பர்மிங்காம் நகரின் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதை மறைப்பானேன்! 1942இல் அவர் தலைமையில் இருந்த படை ஜப்பானியரிடம் தோற்று, ஏறக்குறைய 900 மைல் பின்வாங்கி இந்திய எல்லையை அடைந்தது. 1943 அக்டோபரில் பதினான்காம் படையின் பொறுப்பை அவர் ஏற்றபோது, ஜப்பானியரைக் காட்டில் எவராலும் வெல்ல முடியாது என்ற எண்ணம் வீரர்களிடையே வேரூன்றியிருந்தது. ஆங்கிலேயர், இந்தியர், கூர்க்கர், ஆப்பிரிக்கர் எனப் பலரும் அப்படையில் இருந்தனர். சென்னை மாகாணத்துச் சப்பர்களும் அவர்களோடு இருந்தனர். உலகம் தங்களை மறந்துவிட்டது என்றே அவர்கள் நினைத்தனர்.

இந்நிலையில் வீர உரை ஆற்றினால் போதுமா? ஸ்லிம் முதலில் கொசுவை எதிர்த்தார். 1943இல் காயமுற்றுப் போர்முனையிலிருந்து வெளியேறிய ஒருவருக்கு 120 பேர் நோயினால் வெளியேறினர். ஓராண்டில் நூற்றுக்கு 84 பேர் என்னும் அளவில் மலேரியா பரவியிருந்தது. குளிர்காய்ச்சலும் கொயினாவும் என்னவென்று நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அங்கே கொடுக்கப்பட்ட மெப்பகிரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கியது. ஆண்மையைக் குறைக்கும் என்று வதந்தியும் உலவியது. வீரர்கள் அதை இரகசியமாகத் துப்பிவிட்டனர். ஸ்லிம் முன்னறிவிப்பின்றிச் சோதனை நடத்தச் செய்தார். நூற்றுக்கு 95 பேரேனும் மாத்திரை உண்டிருக்கவில்லையெனில், பதவி இழந்தவர் வீரர் அல்லர், அவர்களுடைய அதிகாரி. மூவரை நீக்கியதுமே மற்றையோர் புரிந்துகொண்டனர். காய்ச்சல் கண்டவரை இந்தியாவுக்கு அனுப்பாமல் போர்முனைக்கு அருகிலேயே மருத்துவம் செய்யவும், படுகாயமுற்றவரை விமானத்தில் ஏற்றிச் செல்லவும் ஏற்பாடாயிற்று. விழுந்தால் நம்மைத் தூக்கிச் செல்ல ஆளுண்டு என்று நம்பியவனே துணிந்து முன்செல்வான்.

உணவு குறைந்து முன்னணிப் படைகள் அரைப் பங்கில் வாழ நேர்ந்தபோதெல்லாம், ஸ்லிம் தம் தலைமையகத்திற்கும் அரைப் பங்கே வழங்கச் செய்தார். பசித்த அலுவலர்கள் உணவு அனுப்பும் வேலையைச் சற்று விரைவாகவே பார்த்திருப்பார்கள்! பாராசூட்டுக்குப் பட்டுத் துணி கிடைக்காதபோது கல்கத்தாச் சணலில் அவற்றைச் செய்வித்தார். வானிலிருந்து அரிசியும் தோட்டாவும் இறங்கின.

ஜீப்பின் மேல் ஏறி நின்று ஒரே நாளில் மூன்று நான்கு பிரிவினரிடம் பேசுவார். உருதுவும் கூர்க்காலியும் அவருக்குத் தெரியும். எது கிடைக்கும், எது கிடைக்காது, ஏன் கிடைக்காது என்பதை ஒளிக்காமல் சொல்வார். பின்னர்ச் சிறு காவற்குழுக்களைக் காட்டுக்குள் அனுப்பினார். அவர்கள் வென்று திரும்பினர். அடுத்து, ஜப்பானியரின் சிறு நிலையொன்றைத் தாக்கப் பன்மடங்கு பெரிய படையை ஏவினார். இது வீண் ஆடம்பரம் என்று சிலர் குறை கூறினர். வெற்றியைக் கண்ணால் கண்டிராதவனுக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

1944 மார்ச்சில் ஜப்பானியர் இம்பால், கொஹிமா நகர்களை நோக்கிப் பாய்ந்தனர். தலைமை தாங்கியவர் முத்தகுச்சி. 1942இல் மலாயாவையும் சிங்கப்பூரையும் தாக்கிய 18ஆம் டிவிஷனின் தளபதியாக இருந்தவர். வீரர்களிடம் மூன்று வார உணவே இருந்தது. அவரது தலைமையகமோ, போரின் தொடக்கத்தில், மேமியோ என்னும் குளிர்ந்த மலைநகரில் இருந்தது. ஜப்பானிய வீரரின் துணிவில் எவரும் குறை காண முடியாது, பசியோடும் போரிட்டனர். ஆனால் வந்து சேர வேண்டிய உணவு வரவில்லை. கொஹிமாவைத் தாக்கிய டிவிஷனின் தலைவர் சாட்டோ, தம் வீரர்களைப் பட்டினியால் சாக விடமாட்டேன் எனக் கட்டளையை மீறிப் பின்வாங்கினார், பதவியும் இழந்தார். திரும்பும் வழியில் பசியாலும் நோயாலும் மடிந்தோர் ஆயிரக்கணக்கினர். (அப்போர்முனையில் இந்திய தேசிய இராணுவமும் நின்றது. அவ்விராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தோட்டத் தமிழரின் கதை தனியே ஓர் உரைக்குரியது.)

1945இல் பதினான்காம் படையில் நோயுறுவோர் நாளொன்றுக்கு ஆயிரத்தில் ஒருவர் என்னும் அளவுக்குக் குறைந்தனர். அவ்வாண்டு மே மாதம் இரங்கூன் மீட்கப்பட்டது. அந்தப் படையின் ஆங்கிலேய வீரர்கள் ஸ்லிமின் பதவிப் பெயரை அதிகம் சொல்வதில்லை. தங்களுக்குள் அவரைப் ‘பில் மாமா’ என்றே அழைத்தனர்.