குன்றை விட்டு இறங்காதீர்கள்!

(கிளை நிர்வாகிகள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கூட்டாகச் செயல்படுவதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒற்றுமையைப் பற்றி நாம் கேட்காத பயான் கிடையாது. அல்லாஹ்வின் கயிற்றை அனைவரும் சேர்ந்து பிடிக்கச் சொல்லும் வசனம் (3:103) நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படியிருந்தும் கிளைகள் உடைகின்றன. ஒரே பள்ளியில் தொழுகிறவர்கள் இரண்டு அலுவலகம் திறக்கிறார்கள். ஏன்?

அந்த வசனத்தைக் கேட்கும் போது நாம் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறோம். "இது அவருக்குச் சொன்னது" என்று மனதுக்குள் சொல்லிக் கொள்கிறோம். இன்று ஒரு மணி நேரம் அந்தப் பார்வையை நம் மேலேயே திருப்புவோம். இந்தக் கூட்டத்தில் என் வேலை என்ன? நான் இருப்பதால் இது பலப்படுகிறதா, பலவீனப்படுகிறதா? இந்தக் கேள்வியை மட்டும் கையில் எடுத்துக் கொள்வோம்.

சாவி ஒருவரிடம், புத்தகம் ஒருவரிடம்

ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்குள்ள சகோதரர்கள் கடை கடையாக ஏறி வசூல் செய்து ஆம்புலன்ஸ் வாங்கினார்கள். சாதி, மதம் பார்க்காமல் ஓடிய வண்டி. நிர்வாகத் தேர்தல் நடந்தது. பழைய செயலாளர் போய்ப் புதியவர் வந்தார். வண்டிச் சாவி புதியவரிடம் வந்தது. ஆர்.சி. புத்தகமும் ரசீது புத்தகமும் பழையவரிடம் இருந்தன. "அவர் வந்து கேட்கட்டும்" என்றார் ஒருவர். "அவர் கொண்டு வந்து தரட்டும்" என்றார் மற்றவர். நாற்பது நாள் வண்டி பள்ளிவாசல் பின்புறம் நின்றது. டயரில் காற்று இறங்கிவிட்டது.

சமாதானம் பேசப் போன போது இருவரிடமும் தனித்தனியே பேசினேன். இருவரும் நல்லவர்கள். ஐவேளைத் தொழுகையாளிகள். இருவருமே சொன்னது ஒரே வார்த்தை: "எனக்குப் பதவி ஆசை இல்லை ஹஜ்ரத், மரியாதைதான் வேண்டும்."

சகோதரர்களே, நம் கிளைகளை எதிரி உடைப்பது குறைவு. இந்த ஒரு வார்த்தை உடைப்பதுதான் அதிகம்.

ஒரே கருத்து, இரண்டு மனிதர்கள்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கி.பி. 625. மக்காவின் குறைஷிகள் சுமார் மூவாயிரம் பேர் மதீனாவை நோக்கி வந்து விட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மஷூரா செய்தார்கள். ஊருக்குள் இருந்தபடியே எதிர்கொள்ளலாம் என்பது நபியவர்களின் சொந்தக் கருத்து. பத்ரில் கலந்து கொள்ளும் வாய்ப்பை இழந்த இளைஞர்களோ, வெளியே சென்று மோத வேண்டும் என்று துடித்தார்கள். அவர்கள் பேச்சே மேலோங்கியது. அல்லாஹ்வின் தூதர், வஹீ வருகிறவர், தம் கருத்தை விட்டுக் கொடுத்து வீட்டுக்குள் போய்க் கவசம் அணிந்து வந்தார்கள்.

அதைக் கண்டதும் இளைஞர்களுக்கு உறுத்தியது. நாம் வற்புறுத்தி விட்டோமே, தங்கள் விருப்பப்படியே செய்யுங்கள் என்றார்கள். கவசம் அணிந்த நபி, அல்லாஹ்வின் தீர்ப்பு வரும் முன் அதைக் கழற்றுவது தகாது என்று கூறி நபியவர்கள் புறப்பட்டு விட்டார்கள். ஒருமுறை கூட "நான் அப்போதே சொன்னேனே" என்ற பேச்சு அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. தோல்வி வந்த பிறகும் வரவில்லை.

இப்போது இன்னொரு மனிதரைப் பாருங்கள். நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை. அவன் கருத்து என்ன? ஊருக்குள்ளேயே இருக்கலாம் என்பதுதான். நபியவர்களின் கருத்தும் அதுவே! ஆனால் அவன் என்ன செய்தான்? பாதி வழியில், சின்னப் பையன்கள் பேச்சைக் கேட்டு என் பேச்சைத் தள்ளி விட்டார் என்று சொல்லி, சுமார் முந்நூறு பேரைக் கூட்டிக் கொண்டு திரும்பி விட்டான். ஆயிரம் பேர் கொண்ட படை எழுநூறாகக் குறைந்தது.

கருத்து ஒன்று. ஏற்கப்படாமல் போனதும் இருவருக்கும் ஒன்று. ஒருவர் கவசம் அணிந்தார். மற்றவன் ஆளைப் பிரித்துக் கொண்டு போனான். மஷூராவில் நம் கருத்து ஜெயிக்கும் போது நாம் யார் என்பது தெரியாது. தோற்கும் போதுதான் தெரியும்.

நம் நிலை எப்படி? கூட்டத்தில் கேட்டால் "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று தலையாட்டுகிறோம். வெளியே வந்து டீக்கடையில் நின்று, "எனக்கு அப்போதே இதில் உடன்பாடு இல்லை" என்கிறோம். இப்போது டீக்கடை வரை கூடப் போக வேண்டியதில்லை. இஷாவுக்குப் பிறகு எடுத்த முடிவு, தூங்கப் போவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் நாறுகிறது. பேச வேண்டிய இடத்தில் மௌனம், மௌனம் காக்க வேண்டிய இடத்தில் பேச்சு. மஷூராவில் வாயைத் திறப்பது அமானிதம். முடிவான பின் அதை அடக்குவதும் அமானிதம்.

ஐம்பது பேரில் நாற்பது பேர்

உஹதில் ஒரு சிறு குன்று. பின்பக்கமாக எதிரி வந்து விடாமல் இருக்க, அதன் மேல் ஐம்பது வில்லாளிகளை நபியவர்கள் நிறுத்தினார்கள். அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களுக்குத் தலைவர். எங்களைப் பறவைகள் கொத்திச் செல்வதைக் கண்டாலும், நான் ஆள் அனுப்பும் வரை இடத்தை விட்டு நகராதீர்கள் என்பது கட்டளை.

முதலில் வெற்றி முகம். எதிரி ஓடுகிறான். கீழே இருப்பவர்கள் கனீமத் பொருட்களைச் சேகரிக்கிறார்கள். குன்றின் மேலிருந்தவர்களுக்கு மனம் தாங்கவில்லை. தலைவர் கட்டளையை நினைவூட்டினார். ஆனாலும் பெரும்பாலோர் இறங்கி விட்டார்கள். பத்துப் பேர் அளவில்தான் எஞ்சினார்கள். அன்று எதிரணியில் இருந்த காலித் பின் வலீத், காலியான அந்த வழியாகக் குதிரைப் படையுடன் சுற்றி வந்தார். எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். ஹம்ஸா (ரலி) அவர்களை இழந்தோம். நபியவர்களின் முகத்தில் இரத்தம் வழிந்தது.

இறங்கியவர்கள் நயவஞ்சகர்கள் அல்ல, ஸஹாபாக்கள். அவர்களைக் குறை பேச நமக்கு வாயில்லை, அல்லாஹ்வே அவர்களை மன்னித்து விட்டதாக அறிவித்து விட்டான் (3:155). நாம் எடுக்க வேண்டியது படிப்பினையை மட்டும். குன்றின் மேல் நிற்பவனுக்குக் கண்ணுக்குத் தெரிகிற வேலை இல்லை. வாள் வீசுகிறவனுக்குப் பேர் கிடைக்கும். காவல் நிற்கிறவனுக்கு, ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் கூலி. ஒன்றும் நடக்காத போது, "நான் இங்கே எதற்கு?" என்ற எண்ணம் வரும். கூட்டத்தை அழிக்கும் எண்ணம் அதுதான்.

நம் மாநாடுகளில் மேடையில் முப்பது பேர் நிற்க இடம் தேடுகிறோம். பெண்கள் பகுதிக்குத் தண்ணீர் எடுத்துப் போக ஆள் இல்லை. இரத்த தான முகாமில் போட்டோவுக்கு வரிசை நிற்கிறது. கொடுத்தவர் பெயரையும் வகையையும் தேதியையும் பதிவேட்டில் எழுத ஒருவர் கூட உட்காருவதில்லை. அடுத்த மாதம் நள்ளிரவில் ஓ நெகட்டிவ் கேட்டு ஒரு தாய் அழும் போது, அந்தப் போட்டோ உதவாது, பதிவேடுதான் உதவும்.

நம்மால் முடியாததல்ல இது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவில் இறந்தவர்களைத் தொடப் பெற்ற பிள்ளைகளே அஞ்சிய நேரம். தமிழகம் முழுவதும் முஸ்லிம் இளைஞர்கள் அந்த உடல்களைச் சுமந்தார்கள். முஸ்லிமுக்கு ஜனாஸா தொழுது அடக்கினார்கள். மாற்று மத சகோதரர்களுக்கு அவர்கள் வழக்கப்படி மரியாதை செய்ய உதவினார்கள். அந்தக் குழுக்களில் ஒருவர் வண்டி ஓட்டினார். ஒருவர் மருத்துவமனைக் காகிதங்களை முடித்தார். ஒருவர் குழி வெட்ட ஏற்பாடு செய்தார். ஒருவர் கிருமிநாசினி அடித்தார். கவச உடைக்குள் எல்லோரும் ஒரே மாதிரி. யார் தலைவர், யார் தொண்டர் என்று முகம் தெரியாது. முகம் தெரியாத அந்த நாட்களில் சண்டையில்லாமல் வேலை நடந்தது. இதை ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள்.

அமீன் விட்டுக் கொடுத்தார்

பதவி விஷயத்துக்கு வருகிறேன். ஹிஜ்ரி 8இல் தாத்துஸ் ஸலாஸில் என்ற இடத்துக்கு அம்ர் பின் ஆஸ் (ரலி) தலைமையில் முந்நூறு பேரை நபியவர்கள் அனுப்பினார்கள். அம்ர் (ரலி) இஸ்லாத்துக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் உதவிப் படை கேட்டார். அபூ உபைதா (ரலி) தலைமையில் இருநூறு பேர் சென்றார்கள். அந்த இருநூறில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் உண்டு! போய்ச் சேர்ந்ததும் பிரச்சினை: இருவரில் அமீர் யார்? நீங்கள் எனக்கு உதவியாக வந்தவர்கள், ஆகவே நானே அமீர் என்றார் அம்ர் (ரலி).

அபூ உபைதா (ரலி) யார்? ஆரம்ப காலத்திலேயே ஈமான் கொண்டவர். இந்த உம்மத்தின் அமீன் என்று நபியவர்களால் அழைக்கப்பட்டவர். அவர் "எனக்கு மரியாதை வேண்டும்" என்று சொல்லவில்லை. இருவரும் கருத்து வேறுபடாதீர்கள் என்று நபியவர்கள் சொல்லி அனுப்பியதை நினைவு கூர்ந்து, அம்ர் (ரலி) அவர்களுக்குப் பின்னால் நின்று விட்டார். அபூபக்ரும் உமரும் (ரலி) அந்த அணியில் சாதாரணப் படைவீரர்கள்.

அதனால் அபூ உபைதாவின் மரியாதை குறைந்ததா? பிற்காலத்தில் ஷாம் தேசத்தின் படைகளுக்கே அவர்தான் தளபதியானார். மரியாதை கேட்டு வாங்குகிற பொருள் அல்ல தோழர்களே. விட்டுக் கொடுத்தவரைத் தேடி அது தானே வரும்.

வணிகப் பெருமக்களுக்கு

உங்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் கல்லாவிலிருந்து வருகிற காசில்தான் இந்தப் பணிகள் நடக்கின்றன. அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. ஆனால் கொடுத்த தொகைக்கு ஏற்பப் பேச்சுக்கும் எடை வேண்டும் என்று நினைத்து விடாதீர்கள். கடையில் பங்கு போட்டால் லாபத்தில் பங்கு கேட்கலாம். இது அந்தக் கணக்கு அல்ல.

தர்மம் செய்யும்படி ஏவப்பட்ட போது, மதீனாவில் சிலர் கூலிக்குச் சுமை தூக்கிக் கிடைத்ததைக் கொண்டு வந்தார்கள். அபூ அகீல் (ரலி) கொண்டு வந்தது அரை ஸாஉ பேரீச்சம்பழம். இன்னொருவர் ஏராளமாகக் கொண்டு வந்தார். ஒரு பைசா கொடுக்காத நயவஞ்சகர்கள் இருவரையும் விட்டு வைக்கவில்லை. குறைவாகக் கொடுத்தவரின் தர்மம் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்றார்கள். அதிகம் கொடுத்தவரை முகஸ்துதிக்காரர் என்றார்கள். இருவருக்காகவும் அல்லாஹ்வே பரிந்து பேசி வசனம் இறக்கினான் (9:79). ஆகவே லட்சம் கொடுத்தவரும், தள்ளுவண்டியில் பழம் விற்று நூறு ரூபாய் கொடுத்தவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேச வேண்டும். எதுவும் கொடுக்காமல், எதுவும் செய்யாமல், இருவரையும் விமர்சிக்கிற மூன்றாவது ஆளாக மட்டும் நாம் ஆகிவிடக் கூடாது.

வசூலித்தவரும் ரசீதையும் கணக்கையும் மாதம் தவறாமல் நோட்டீஸ் போர்டில் ஒட்டி விடுங்கள். சந்தேகம் வந்த பிறகு காட்டுகிற கணக்கை யாரும் நம்புவதில்லை.

தலைவர்களுக்கு

மூன்று பேர் இருக்கும் போது, ஒருவரை விட்டு விட்டு இருவர் இரகசியம் பேசக் கூடாது என்று நபியவர்கள் தடுத்தார்கள். அது அவரை வருத்தப்படுத்தும் என்று காரணமும் சொன்னார்கள். இரண்டு பேர் ஒதுங்கிப் பேசினாலே மூன்றாமவர் மனம் புண்படும் என்றால், ஏழு நிர்வாகிகளில் நான்கு பேர் முன்கூட்டியே முடிவு செய்து விட்டு, மற்ற மூவரையும் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்? அதற்குப் பெயர் மஷூரா அல்ல.

ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 6. உடன்படிக்கை முடிந்து, பலியிட்டுத் தலை மழியுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். மூன்று முறை சொல்லியும் யாரும் எழவில்லை. உம்ரா செய்யாமல் திரும்பும் துக்கம் அவர்களை அழுத்தியிருந்தது. நபியவர்கள் கூடாரத்துக்குள் சென்று உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அந்த அன்னை சொன்ன ஆலோசனை: யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், தாங்களே போய்ப் பலியிட்டு, தலை மழித்துக் கொள்ளுங்கள். அப்படியே செய்தார்கள். அதைப் பார்த்ததும் அத்தனை பேரும் எழுந்து விட்டார்கள். தொண்டர்கள் அசையாத போது சுற்றறிக்கை அனுப்பாதீர்கள். நீங்கள் போய்ப் பாயை விரியுங்கள். வீட்டிலுள்ள பெண்களின் யோசனையையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. உஹதில் அத்தனை இழப்புக்குப் பிறகும் அல்லாஹ் தன் தூதருக்கு என்ன சொன்னான்? அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள், காரியங்களில் அவர்களோடு ஆலோசனை செய்யுங்கள் என்ற கருத்தில் அருளினான் (3:159). எவர்கள் பேச்சைக் கேட்டு வெளியே போனார்களோ, எவர்கள் குன்றை விட்டு இறங்கினார்களோ, அவர்களோடேயே மறுபடி ஆலோசனை! தவறு செய்த தம்பியைக் கூட்டத்திலிருந்து நீக்குவது எளிது. ஒரு கடிதம் போதும். அவனை மறுபடி பாயில் உட்கார வைத்து "நீ என்னப்பா சொல்கிறாய்?" என்று கேட்பதுதான் சுன்னத்.

இன்று இரவு

வீட்டுக்குப் போனதும், படுக்கும் முன் நான்கு கேள்விகளை உங்களிடமே கேளுங்கள். மஷூராவில் சொல்லாத எதையாவது வெளியில் சொன்னேனா? என் கருத்து ஏற்கப்படாத வேலையிலும் முழு மனதோடு நின்றேனா? என் பெயர் வராது என்று தெரிந்தும் ஒரு வேலையை முடித்தேனா? நாளை என் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தால், சாவியையும் புத்தகத்தையும் நானே கொண்டு போய்க் கொடுப்பேனா?

பதிலை யாரிடமும் சொல்ல வேண்டாம். அல்லாஹ்வுக்குத் தெரிந்தால் போதும்.

நம் ஒவ்வொருவருக்கும் ஒரு குன்று உண்டு. சிலருக்கு அது மேடை, சிலருக்குக் கணக்குப் புத்தகம், சிலருக்கு ஆம்புலன்ஸ் ஸ்டியரிங், சிலருக்குச் செருப்புக் காவல். கீழே என்ன கிடைக்கிறது என்று எட்டிப் பார்க்காமல், கட்டளை வரும் வரை அங்கேயே நிற்கிற மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.