கபனுக்கு முன்னர் மருந்தைத் தேடுவோம்





ஒரு ஜும்ஆவின் பின்னர் வாலிபர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "மௌலவி, எயிட்ஸ் நோயால் மௌத்தானவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டலாமா?" என்று வினவினார். அவருடைய நண்பரின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிய வந்திருந்தது. பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நண்பர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்றேன். "நன்றாகத்தான் இருக்கிறார். வெட்கத்தினால் வைத்தியரிடம் செல்லவில்லை" என்றார். உயிரோடிருப்பவருக்கு மருந்தைத் தேடுமுன் கபனைத் தேடுகிறோமே என்று என் உள்ளம் நொந்தது.

நேயர்களே! எமது நாட்டவர் ஒருவரிடம் முதன்முதலில் 1987இல் இக்கிருமி கண்டறியப்பட்டபோது, அது மரணத்தின் முன்னறிவிப்பாகவே கருதப்பட்டது. இன்று நிலைமை வேறு. 2004ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 21 இலட்சம் பேர் எயிட்ஸ் தொடர்பான நோய்களால் இறந்தனர். 2023இல் அத்தொகை சுமார் 6 இலட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தது. கிருமியை முற்றாக அழிக்கும் மருந்து இன்னும் பரவலாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அதை அடக்கி வைக்கும் மருந்து உண்டு. அதை ஒழுங்காக உட்கொண்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்த நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் மூலமும் அது தொற்றுவதில்லை. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது.

இக்கிருமி பாலியல் உறவு, தொற்றுள்ள இரத்தம், பகிரப்படும் ஊசி ஆகியவற்றாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. முஸாபஹா செய்வதால் பரவாது. ஒரே ஸஹனில் உண்பதால் பரவாது. ஒரே ஹவ்ளில் வுழூச் செய்வதாலோ, நுளம்புக் கடியாலோ பரவாது.

இளைஞர்களே! ஹராமான உறவையும் போதையையும் விட்டு விலகியிருங்கள். அதேவேளை, நோயுற்றவரைக் கண்டதும் பாவி எனத் தீர்ப்பளிக்காதீர்கள். எமது நாட்டின் குழந்தை வைத்திய நிபுணர் கமலிகா அபேரத்னவுக்கு, விபத்தொன்றின் பின்னர் ஏற்றப்பட்ட இரத்தத்தின் மூலமே இக்கிருமி தொற்றியது. ஒருவர் தவறே செய்திருப்பினும், தவ்பாவின் வாசலை அடைக்கும் உரிமை எமக்கில்லை. சகோதரனின் குறையை மறைப்பதும், நோயாளியை நலம் விசாரிப்பதும் நபி வழியல்லவா?

பெற்றோர்களே! இவ்விடயத்தை உங்கள் பிள்ளைகள் உங்களிடம் பேச முடியாவிட்டால், வேறு எவரிடமோ பிழையாகக் கற்றுக்கொள்வார்கள். அரச வைத்தியசாலைகளிலுள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியமும் பேணப்படும். மகன் அங்கு செல்லத் தயங்கினால் வாப்பா உடன் செல்லட்டும். மகள் தயங்கினால் உம்மா உடன் செல்லட்டும்.

அந்த வாலிபருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தாராளமாகக் குளிப்பாட்டலாம், கையுறை அணிந்து சுகாதார முறைகளைப் பேணினால் போதும். ஆனால் அந்தக் கேள்விக்கு இப்போது அவசரமில்லை. நாளைக் காலை உங்கள் நண்பரை நீங்களே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்."

நோயாளிகளுக்கு ஆரோக்கியத்தையும், எமது உள்ளங்களுக்கு இரக்கத்தையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.