சைரனுக்குப் பின்னால ஒன்றரை ஷிஃப்ட்

நல்லூர்ல இருந்து உங்க நண்பன். இந்த வாரம் ஏஐ டூல்ஸ் பத்திப் பேசறதா சொல்லியிருந்தேன், அது அடுத்த எபிசோட்ல வரும். இன்னைக்கு ஆம்புலன்ஸ் பத்திப் பேசப் போறோம். ரொம்ப நாளா மனசுல இருக்கிற விஷயம். எங்க வீட்டுல நடந்ததுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, அப்பா கம்பெனி மாடிப்படியில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு. கட்டிங் மாஸ்டரா இருந்தவர். திருப்பூர்ல முதல்ல சேர்த்த ஆஸ்பத்திரியில, "உயிருக்கு ஒண்ணும் பயமில்லை, ஆனா ஆபரேஷன் கோயம்புத்தூர்ல பண்றதுதான் நல்லது, நாளைக்குக் காலையில பண்ணிக்கலாம்"னு சொன்னாங்க. ஒரு பிரைவேட் ஆம்புலன்ஸ் ஏற்பாடு ஆச்சு. ராத்திரி 11 மணி, லேசான தூறல். வண்டியில டிரைவர் மட்டும்தான். பின்னாடி அப்பா, பக்கத்துல சலைன் பாட்டிலைக் கையில பிடிச்சுக்கிட்டு அம்மா. நான் முன் சீட்டு.

கிளம்பின உடனே சைரன் போட்டார். பல்லடம் தாண்டினதும் என்கிட்ட சொன்னார்: "தம்பி, தூங்கிடாதீங்க. ஏதாவது பேசிட்டே வாங்க." எனக்குப் புரியலை. "ஏண்ணா?"ன்னு கேட்டேன். "நேத்துக் காலையில வண்டி எடுத்தது. இது ஆறாவது டிரிப்பு."

காரணம்பேட்டை பக்கம் ஒரு பைக் குறுக்கே திரும்புச்சு. அவர் பிரேக் அடிச்சது கொஞ்சம் லேட்டு. வண்டி வழுக்கி மீடியன்ல மோதி நின்னுச்சு. பைக்காரர் தப்பிச்சுட்டார். அப்பாவோட ஸ்ட்ரெச்சர் நகர்ந்ததுல அவர் கத்தின சத்தம் இன்னும் காதுல இருக்கு. அம்மா தூக்கி எறியப்பட்டு மணிக்கட்டு உடைஞ்சுது. இன்னொரு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆச்சு.

ஒரு வாரம் கழிச்சு அந்த ஆம்புலன்ஸ் ஓனருக்குப் போன் பண்ணேன். அவர் சொன்ன பதில் இதுதான்: "அந்த டிரைவரை அன்னைக்கே தூக்கிட்டோம் சார். இனிமே பிரச்சனை வராது."

நான் சாஃப்ட்வேர்ல இருக்கறவன். எங்க வேலையில சர்வர் டவுன் ஆனா, அதுக்கப்புறம் போஸ்ட்மார்ட்டம்னு ஒரு மீட்டிங் இருக்கும். அதுல "இவன் தப்பா ஒரு கமாண்ட் அடிச்சுட்டான்"னு எழுதிட்டு ஃபைலை மூட முடியாது. ராத்திரி 2 மணிக்கு, தூக்கக் கலக்கத்துல இருக்கிற ஒருத்தன் ஒரே கமாண்ட்ல எல்லாத்தையும் அழிக்கிற மாதிரி சிஸ்டத்தை ஏன் வச்சிருந்தோம்னு கேட்பாங்க. ஒரு வெப்சைட் அரை மணி நேரம் படுத்ததுக்கே இவ்வளவு கேள்வி. ஒரு ஆம்புலன்ஸ் மோதினா கேட்கறது ஒரே கேள்விதான்: "டிரைவர் யாரு?"

என் கருத்து ஒண்ணுதான். ஆம்புலன்ஸ் விபத்துல பாதி, ஸ்டீயரிங் பிடிக்கறதுக்கு முன்னாடியே, ஷிஃப்ட் அட்டவணை போடற மேஜையில முடிவாயிடுது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஷிஃப்ட் கணக்கு விளக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில 8 மணி நேரம் ஒரு ஷிஃப்ட், 12 மணி நேரம் ஒன்றரை ஷிஃப்ட். செகிங் டேபிள்ல ஒன்றரை ஷிஃப்ட் உட்கார்ந்தா கடைசி ரெண்டு மணி நேரத்துல எத்தனை டேமேஜ் கண்ணுல தப்பும்னு எங்கம்மாவைக் கேட்டா சொல்வாங்க. 2008 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல 108 சேவை வந்துச்சு. இன்னைக்கு 1,300 வண்டிக்கு மேல ஓடுது. ஒவ்வொரு வண்டியிலயும் ரெண்டு பேர்: டிரைவர், அவரைப் 'பைலட்'னு சொல்வாங்க, இன்னொருத்தர் ஈஎம்டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர். அவங்களுக்கு ஒரு ஷிஃப்ட்டுன்னா 12 மணி நேரம். 8 மணி நேரமா மாத்துங்கன்னு தொழிலாளர் சங்கம் பல வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கு.

இது சோம்பேறித்தனமான கோரிக்கை இல்லை. 1997-ல நேச்சர் இதழ்ல டாசன், ரீட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்கிற ஒருத்தரோட கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவர் அளவுக்குக் குறையுது. 24 மணி நேரம் ஆனா, 0.10 சதவீதத்துக்குச் சமம். இந்தியாவுல வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கிற அளவு 0.03.

இப்போ நைட் ஷிஃப்ட்டை வச்சுக் கணக்குப் போடுங்க. ஒருத்தர் காலையில 8 மணிக்கு எந்திரிக்கிறார். பகல்ல குழந்தை, ரேஷன் கடை, வெயில்னு தூங்க முடியலை. ராத்திரி 8 மணிக்கு டியூட்டி ஏறுறார். 1 மணிக்கு 17 மணி நேரம் முடிஞ்சிடுது. காலையில ஷிஃப்ட் முடியறப்போ 24. குடிச்சுட்டு ஓட்டினா லைசென்ஸ் போகும். இதே அளவு தடுமாற்றத்தோட இவர் ஓட்டினா, அதுக்குப் பேரு டியூட்டி.

ஆகாயத்துல பறக்கிற பைலட்டுக்கு இந்தக் கணக்கு சட்டத்துலயே இருக்கு. 2025 டிசம்பர்ல இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தா ரத்து ஆனது ஞாபகம் இருக்கா? பைலட்டுங்களுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்துல இருந்து 48 ஆனது உள்பட புது விதிகள் வந்தப்போ, அதுக்கேத்த மாதிரி ஆள் இல்லாம போனதுதான் முக்கியக் காரணம். பயணிங்க திட்டினாங்க, சரிதான். ஆனா "களைச்சுப்போன பைலட் ஓட்டட்டும், பரவாயில்லை"ன்னு எத்தனை பேர் சொல்லியிருப்போம்? லாரி, பஸ் மாதிரி மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குக்கூட 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1961-ம் வருஷச் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு பொதுவான வரம்பு வச்சிருந்துச்சு. ரோட்டுல ஓடற இந்தப் பைலட்டுக்கும் அதே மாதிரி கறாரான ஒரு கணக்கு வேணும்.

அடுத்தது சைரன். 2017-ல வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகள் ஆம்புலன்ஸ் டிரைவருக்குச் சலுகை தருது: சிவப்பு சிக்னலைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம். ஆனா ரெண்டு நிபந்தனை. அவசர வேலையில இருக்கணும், உரிய கவனத்தோட செய்யணும். எங்கப்பா கேஸ்ல அவசரமே இல்லை. ஆபரேஷன் மறுநாள். அப்புறம் எதுக்கு சைரன்? சீக்கிரம் இறக்கிட்டு ஏழாவது டிரிப்புக்குப் போகணும், அதுக்குத்தான்.

சைரன் போட்டா எவ்வளவு நேரம் மிச்சமாகும்? 2022-ல அமெரிக்காவுல அவசர மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை விட்டாங்க. ஆய்வுகள்படி மிச்சம் சராசரியா 42 நொடியில இருந்து 3.8 நிமிஷம் வரைக்கும்தான். 2019-ல அங்கேயே வந்த இன்னொரு பெரிய ஆய்வு, நோயாளியை ஏத்திக்கிட்டுப் போறப்போ சைரன் போட்ட வண்டிங்க மோதற வாய்ப்பு, போடாத வண்டிங்களை விட ரெண்டு மடங்குக்கு மேலன்னு சொல்லுது. மாரடைப்பு, நிற்காத ரத்தப்போக்குன்னா அந்த 3 நிமிஷம் உயிர். எங்கப்பாவுக்கு அது ஒண்ணுமே இல்லை. நேர்மாறா, வேகம் 60-ல இருந்து 80 ஆனா பிரேக் பிடிச்சு நிக்கற தூரம் ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகும். அதுவும் காய்ஞ்ச ரோட்டுல. ஈர ரோட்டுல இன்னும் நீளும்.

ஈர ரோடு என்ன செய்யும்னு நாம எல்லாரும் போன்ல பார்த்திருக்கோம். 2022 ஜூலை 20, கர்நாடகாவுல உடுப்பி மாவட்டம், பைந்தூர் பக்கத்துல ஷிரூர் டோல்கேட். மழை. ஆம்புலன்ஸ் வருதுன்னு ஊழியர்கள் ஓடி ஓடித் தடுப்பை எடுக்கறாங்க. வண்டி வழுக்கி, சுழன்று, டோல்கேட்ல மோதுது. உள்ளே இருந்தவங்க வெளியே தூக்கி வீசப்படறது வீடியோவுல தெரியும். நோயாளியோட சேர்த்து 4 பேர் இறந்தாங்க. அதைப் பார்த்தப்போ நான் ஷேர் பண்ணிட்டு ஸ்க்ரோல் பண்ணிப் போயிட்டேன். எங்கம்மா தூக்கி எறியப்பட்டதுக்கு அப்புறம்தான், பின்னாடி உட்கார்றவங்களுக்கு பெல்ட் இருக்கான்னு யோசிக்கவே ஆரம்பிச்சேன்.

சரி, என்ன மாறணும்? நான் டாக்டரும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஆனா அந்த ராத்திரிக்கு ஒரு போஸ்ட்மார்ட்டம் எழுதியிருந்தா இதுதான் எழுதியிருப்பேன்.

ஒண்ணு, நோயாளியோட தனி ஆள் ஓட்டக் கூடாது. பின்னாடி பயிற்சி பெற்ற ஒருத்தர் இருக்கணும். சைரன் தேவையா, இல்லையான்னு நோயாளியோட நிலைமையைப் பார்த்து அவர் சொல்லணும். எவ்வளவு வேகம்னு ரோட்டைப் பார்த்து டிரைவர் முடிவு பண்ணணும். சொந்தக்காரங்க கத்தறதுக்காக ரெண்டுமே மாறக் கூடாது.

ரெண்டு, ஷிஃப்ட் நேரம் எழுத்துல இருக்கணும். "நான் களைப்பா இருக்கேன், இந்த டிரிப் வேண்டாம்"னு டிரைவர் சொன்னா அவர் சம்பளம் குறையக் கூடாது. டிரிப்புக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்தா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

மூணு, மோதினதுக்கு அப்புறம் டிரைவரை முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும், அன்னைக்கு ஸ்டீயரிங்கை அவர் தொடக் கூடாது. அப்புறம் உட்கார்ந்து கேட்கணும்: எத்தனை மணிக்கு வண்டி எடுத்தார், எத்தனையாவது டிரிப், டயர் எப்படி இருந்தது, ஸ்ட்ரெச்சர் லாக் ஆகியிருந்ததா, டிரிப் கொடுத்தது யாரு. பதில்ல எதை மாத்தினோம்னு இருக்கணும். யாரைத் தூக்கினோம்னு மட்டும் இருந்தா அது விசாரணையே இல்லை.

இதைக் கேட்கிற நீங்க செய்யக் கூடியதும் இருக்கு. பிரைவேட் வண்டி கூப்பிடறப்போ "எவ்வளவு ஆகும்?"னு கேட்கறதோட, "கூட ஆள் வர்றாங்களா? டிரைவர் எப்போ டியூட்டி ஏறினார்?"னும் கேளுங்க. அவசரம் இல்லைன்னா "மெதுவாப் போங்கண்ணா"ன்னு நீங்களே சொல்லுங்க. சொந்தக்காரங்க வாயில இருந்து அது வந்தா அவருக்குப் பெரிய நிம்மதி. ரோட்டுல ஆம்புலன்ஸ் வந்தா வழி விடுங்க. விடலைன்னா 2019 திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம். அது போன வழியிலேயே பின்னாடி பைக்கை விடற வேலையும் வேண்டாம்.

அப்பா இப்போ நடக்கிறார். அம்மாவுக்கு மார்கழிக் குளிர்ல மணிக்கட்டு வலிக்கும்.

அந்த டிரைவர்? ஆறு மாசம் கழிச்சு காங்கயம் ரோடு சிக்னல்ல பார்த்தேன். வேற ஆம்புலன்ஸ், வேற பேர் எழுதியிருந்தது. கண்ணு செவந்திருந்தது. பக்கத்து சீட்டு காலியா இருந்தது. என்னை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு லேசா தலையசைச்சார். அதுக்குள்ள பச்சை விழுந்துடுச்சு.

உங்க வீட்டுல இப்படி ஏதாவது நடந்திருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஆம்புலன்ஸ்ல வேலை செய்யறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, நான் சொன்னதுல எங்க தப்புன்னு சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல உங்க குரல்லயே போடறேன். பத்திரமாப் போயிட்டு வாங்க மக்களே.