வயல் நீருக்கு ஒரு விதானை, குடிநீருக்கு யார்?

(சொறிக்கல்முனையில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



வயலுக்கு நீர் பாய்ச்சுவது பற்றி இவ்வூரில் எவருக்கும் நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்போகம் தொடங்குமுன் கூட்டம் கூடுகிறது. வாய்க்கால் எந்த நாளில் திறக்கப்படும், எந்த நாளில் பூட்டப்படும், விதைப்பு எத்தேதிக்குள் முடிய வேண்டும், வட்டையிலிருந்து மாடுகளை எப்போது அப்புறப்படுத்த வேண்டும் என்பனவெல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. தீர்மானத்தை மீறியவரைத் தட்டிக் கேட்க ஓர் ஆளும் உண்டு. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன; பின்னர் கமக்காரர் அமைப்புகள் வந்தன. ஆயினும் வட்டை விதானை என்ற பெயர் எம்மவர் நாவிலிருந்து மறையவில்லை. பொறுப்புக்கு ஒரு பெயரும் முகமும் இருக்க வேண்டும் என்பதை நம் உழவர்கள் அறிந்திருப்பதே அதற்குக் காரணம்.

இப்போது ஒரு கேள்வி. அதே உழவன் வீட்டில் குடிக்கிற நீருக்கு விதானை யார்? அந்த நீர் நல்லதா கெட்டதா என்று எந்தக் கூட்டத்தில் தீர்மானிக்கிறோம்? அயல் வீட்டு ஏழைக் கூலியாள் குடிப்பது எந்தக் கிணற்று நீர் என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் வழங்கிய கல்லோயாவை மறிக்கும் வேலை 1949 இல் இங்கினியாகலையில் தொடங்கிற்று. சேனநாயக்க சமுத்திரம் என்னும் அப்பெருங்குளம் அம்பாறை மாவட்டத்தின் நெல் விளைச்சலுக்கே தாய்மடி. வாய்க்கால் நிறைய நீர் ஓடுகிற நாட்டில், குடிக்கும் நீருக்காகப் பெண்கள் குடத்தோடு அலைவது வெட்கத்துக்குரியது அல்லவா?

பாதுகாப்பான குடிநீர் என்று கூறுவதற்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ் அமைப்பும் மூன்று சோதனைகளை வகுத்துள்ளன. நீர் வீட்டு வளவுக்குள் கிடைக்க வேண்டும்; வேண்டிய நேரத்தில் கிடைக்க வேண்டும்; மலக் கிருமியும் தீங்கான இரசாயனமும் அற்றதாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சோதனையில் தேறவில்லை என்பதே பொருள். இந்த அளவுகோலை நம் ஊர்க் கிணறுகளின் அருகே வைத்துப் பாருங்கள்.

முதற் பகை வெள்ளம். மாரி பெருகினால் கல்முனைக்குச் செல்லும் கிட்டங்கித் தாம்போதி மூழ்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். 2011 சனவரியிலும் 2024 நவம்பரிலும் இம்மாவட்டம் பட்ட பாட்டை மறப்பதற்கில்லை. பாதை அறுந்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதே வெள்ளம் மலக்குழிகளைக் கரைத்து, கட்டுக் குறைந்த கிணறுகளுக்குள் புகுந்ததைப் பற்றிப் பேசுவோர் சிலரே. வெள்ளம் வடிந்த பின்னர் வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் பரவும் அபாயம் இந்த வழியாகவே வருகிறது.

இரண்டாம் பகை, நீருக்கும் மலக்குழிக்கும் உள்ள நெருக்கம். நிலத்தடி நீர்நிலையிலிருந்து மலக்குழி 30 மீற்றருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்று அனர்த்த காலங்களுக்கான ஸ்பியர் நெறிமுறை கூறுகிறது. பத்துப் பேர்ச் காணியில் வாழும் குடும்பத்துக்கு முப்பது மீற்றர் எங்கே கிடைக்கும்? கிணற்றைத் தள்ளி வைக்க இடமில்லாதவனை அறிவில்லாதவன் என்று பழிப்பது நியாயமன்று. அவனுக்குப் பொதுக்கிணறோ குழாய்நீரோ கொடுப்பதே நியாயம்.

மூன்றாம் பகை கண்ணுக்குத் தெரியாதது. வயலுக்கு இடும் யூரியாவில் பயிர் உண்டது போக எஞ்சியது நைத்திரேற்றாக நிலத்தடிக்கு இறங்குகிறது. மலக்குழியிலிருந்தும் அது வருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது. மிகுந்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட புட்டிப்பால் குழந்தைகளின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்: காய்ச்சுவதனால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகையால் காய்ச்சிக் குடியுங்கள் என்பதோடு கிணற்றைச் சோதித்து அறியுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியுள்ளது.

அறிவில்லாத அவசரம் எத்தகைய கேடு செய்யும் என்பதைக் கரையோரம் நமக்குக் காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கிணறுகளை உவராக்கிற்று. நல்லெண்ணத்தோடு வந்தவர்கள் இயந்திரங்களை வைத்துக் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். ஆனால் கரையோர மணலில் நன்னீர் என்பது உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படை. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் உண்டு என்பது பொது விதி. மேலே அளவுமீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிழக்குக் கரையில் ஆராய்ந்து இதையே எச்சரித்தார்கள். நிலத்தை மெல்லக் கழுவிக் குணமாக்கியது வடகீழ்ப் பருவமழையே. கிணற்றுக்கு வைத்தியம் செய்பவனும் நாடி பார்த்தே செய்ய வேண்டும்!

குழாய்நீர் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கலாம். அம்பாறையை அடுத்த கொண்டவட்டவான் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கரையோர நகரங்களுக்கு நீர் கொண்டுவரப்பட்டது பெரிய நன்மையே, மறுப்பார் இல்லை. ஆனால் குழாய் வீதியால் போவது வேறு, வீட்டுக்குள் வருவது வேறு. இணைப்புக்கு முன்கூட்டியே ஒரு தொகை கட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு செலவு. நாட்கூலிக்கு அது ஒரு மதில். 2022 இலும் 2023 இலும் நீர்க்கட்டணம் உயர்ந்த பின்னர் அம்மதில் இன்னும் உயர்ந்தது. வசதி படைத்தவன் குழாயைத் திறக்கிறான். இல்லாதவன் வெள்ளம் புகுந்த கிணற்றுக்கே திரும்புகிறான். நீரைப் பெறுவது மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 சூலை 28 இல் தீர்மானித்தது இத்தகையவனுக்காகவே.

என்ன செய்யலாம்? விடை தொலைவில் இல்லை; கல்லோயாவிலேயே உண்டு. 1981 இல் பெருங்குளத்தில் கால்வாசி நீரே இருந்தது. இடதுகரை வாய்க்காலின் கடைமடை காய்ந்து கிடந்தது. அக்காலத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இளைஞர்களை வயல்களுக்கு அனுப்பின. வெளியார் சட்டம் போடவில்லை. சிறு சிறு வாய்க்கால் குழுக்களாக உழவர்களைக் கூட்டிப் பேசச் செய்தனர். தலைமடை உழவர்கள் தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கி, நீரை மிச்சம் பிடித்துக் கடைமடைக்கு விட்டார்கள். தலைமடையில் இருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைமடையில் தமிழரும் இருந்தனர். பகை மூண்டிருந்த காலத்திலேயே இது நடந்தது. அப்படியிருக்க, ஒரே வாய்க்காலில் பயிர் செய்யும் நாவிதன்வெளித் தமிழரும் சம்மாந்துறை முஸ்லிம்களும் குடிநீருக்காக ஒரே பாயில் அமர முடியாதா?

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனைகள் நான்கு.

ஒன்று: போகக் கூட்டம் கூடும் நாளிலேயே குடிநீர்க் கூட்டமும் கூடட்டும். ஊருக்கு ஒரு குடிநீர்க் குழு அமையட்டும். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். நீர் சுமப்பவரே நீரின் குறையை அறிவார்.

இரண்டு: வீடு வீடாக ஓர் இடாப்பு எழுதுவோம். இணைப்புள்ள வீடு எது, அயலாரிடம் வாங்கும் வீடு எது, கிணற்றையே நம்பும் வீடு எது, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைவெளி எவ்வளவு என்பன அதில் இருக்க வேண்டும். ஆசிரியர்களும் கணக்காளர்களும் பொறியியலாளர்களும் இரண்டு வார இறுதிகளைக் கொடுத்தால் இது முடிந்துவிடும். கையில் கணக்கோடு போகிறவனை எந்த அலுவலகமும் எளிதில் திருப்பி அனுப்பாது.

மூன்று: அறுவடையில் ஏக்கருக்கு ஒரு மரைக்கால் நெல்லைக் குடிநீர் நிதிக்கு அளப்போம். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் அளந்து பழகிய கை நம் கை. அந்நிதியிலிருந்து ஏழை வீட்டின் இணைப்புக் கட்டணத்தைக் கட்டி, தவணை முறையில் திரும்பப் பெறலாம். திரும்பிய பணம் அடுத்த வீட்டுக்குப் போகும்.

நான்கு: மாரிக்கு முன், கிட்டங்கி மூழ்குமுன், குளோரின் தூளும் சோதனைக் கருவியும் இக்கரையில் சேமிக்கப்பட வேண்டும். வெள்ளம் வடிந்த வாரமே, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையில் ஒவ்வொரு கிணற்றையும் துப்புரவாக்கிக் குளோரின் இட வேண்டும். குளோரின் கலந்து அரை மணி நேரம் சென்றபின், குடிக்கும் நீரில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருந்தால்தான் அது காவல் செய்யும்.

அரசினரின் கடமையை நாமே தோளில் ஏற்றுக்கொள்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். வறிய குடும்பங்களுக்குத் தவணை முறையில் இணைப்பு, நீர்ப் பரிசோதனை முடிவுகளைத் தமிழில் எழுதி ஊர் அறிய ஒட்டுதல், வெள்ள நாட்களில் தாங்கி ஊர்தி நீர் ஆகிய மூன்றையும் நீர் வழங்கல் சபையிடமும் பிரதேச சபையிடமும் உரிமையோடு கோருகிறோம். பொறுப்பேற்று நடத்தும் ஊருக்குக் கேட்கும் குரலும் பலமாக இருக்கும்.

அன்பர்களே! பயிர் வாடினால் வட்டையே திரண்டு வாய்க்கால் கட்டுக்கு ஓடுகிறது. பிள்ளை வாடினால் மட்டும் அது அந்த வீட்டுத் துயரம் என்று இருந்துவிடலாமா? இன்றே, இந்தக் கூட்டம் கலையுமுன், குடிநீர்க் குழுவுக்குப் பெயர்கள் எழுதப்படட்டும். இடாப்பின் முதற் பக்கம் வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கட்டும்.