கல்லூரி வகுப்பறையின் இரண்டு மொழிகள்

உயர்கல்வியின் மொழிக் கொள்கை குறித்துப் புதுக்கோட்டையில் கூடிய மாநாட்டின் தலைமை உரை

உயர்கல்வியில் மொழி பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘பயிற்றுமொழி தமிழா, ஆங்கிலமா?’ என்ற ஒரே வினாவில் சுருங்கிவிடுகிறது. அந்த வினாவுக்குள் நான்கு வினாக்கள் அடங்கியுள்ளன. ஆசிரியர் எந்த மொழியில் விளக்குகிறார்? மாணவர் எந்த மொழியில் நூலைப் படிக்கிறார்? எந்த மொழியில் தேர்வு எழுதுகிறார்? பட்டம் பெற்றபின் எந்த மொழியில் தொழில் செய்கிறார்? நான்குக்கும் ஒரே மொழியே விடையாக அமையும் என்று அரசாணைகளும் பல்கலைக்கழக விதிகளும் எதிர்பார்க்கின்றன. புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரிகளில் அப்படி ஒரே விடை கிடைப்பது அரிது.

கறம்பக்குடியிலோ மணமேல்குடியிலோ அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் அறிவியல் படித்த மாணவி ஒருவர் நகரத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்கிறார் என்று கொள்ளலாம். சேர்க்கைப் பட்டியலில் அவருடைய பயிற்றுமொழி ஆங்கிலம். ஆசிரியர் பாடத்தை விளக்குவது தமிழில். கலைச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் வருகின்றன. கரும்பலகையிலும் நோட்ஸிலும் இருப்பது ஆங்கிலம். ஐயத்தைக் கேட்பதும் தோழியரோடு கலந்து படிப்பதும் தமிழில். தேர்வுத்தாளில் மீண்டும் ஆங்கிலம். தமிழில் புரிந்துகொண்டதை ஆங்கிலத்தில் எழுத அவருக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. ஆகவே மனப்பாடமும் கைடும் துணையாகின்றன; முதல் பருவத்திலேயே அரியர் சேர்கிறது. பாடம் புரியாததால் தோற்றவரையும், புரிந்ததை எழுத மொழி இல்லாததால் தோற்றவரையும் மதிப்பெண் பட்டியல் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. உயர்கல்வியின் மொழிச் சிக்கலில் மையமானது இந்த அநீதிதான்.

இத்தகைய மாணவர்கள் விதிவிலக்கானவர்கள் அல்லர். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தின் கல் குவாரிகளிலும் வயல்களிலும் வேலை செய்த பெண்களுக்கு எழுத்தறிவு தந்தது; அவர்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தின் பகுதியாக நாடறிந்த செய்தி. அத்தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கல்லூரிக்கு வருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. கல்லூரி வாசலுக்கு வரும் வழி அகன்றுள்ளது. வகுப்பறைக்குள் உள்ள மொழித் தடை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

ஒரே அறிவுத்துறையில் இரு மொழிகள் இணைந்து இயங்குவது இம்மண்ணுக்குப் புதிதன்று. குடுமியான்மலையின் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு கிரந்த எழுத்தில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு எழுத்தமைதியில் வெட்டப்பட்டது. அதன் சுரக்கோவைகளும் தலைப்புகளும் வடமொழி மரபைச் சார்ந்தவை. முடிவில், இவை எந்த எண்ணிக்கைக்கு உரியவை என்ற குறிப்பு தமிழில் வருகிறது. துறை நூலின் மொழி ஒன்றாகவும், அதைக் கையாள்வோருக்கான குறிப்பின் மொழி மற்றொன்றாகவும் ஒரே பாறையில் நிற்கின்றன. கற்போருக்கு எது எந்த மொழியில் தேவை என்று எண்ணிச் செய்த ஏற்பாடாகவே அது தோன்றுகிறது.

தற்காலக் கல்வியில் இந்த இணைப்பு அறுந்தது. சேஷையா சாஸ்திரி புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திவானாக இருந்த காலத்தில், 1880இல், சமஸ்தானப் பள்ளி மன்னர் கல்லூரியாக உயர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் ஆங்கிலப் பயிற்றுமொழியையும் அது பின்பற்றியது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலெட்சுமி ரெட்டி இக்கல்லூரியில் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆங்கிலக் கல்வி திறந்துவிட்ட கதவு எவ்வளவு பெரியது என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. அக்கதவு மிகச் சிலருக்கே திறந்தது என்பதும் அதே காலத்து உண்மை.

மற்றொரு நீரோட்டம் பொன்னமராவதிப் பகுதியின் மேலைச்சிவபுரியில் உருவானது. 1909இல் அங்கே சன்மார்க்க சபை நிறுவப்பட்டது. பண்டிதமணி கதிரேசனார் அதன் தோற்றத்தில் முன்னின்றவர். சபையின் கணேசர் செந்தமிழ்க் கல்லூரி தமிழ்ப் புலமையை வளர்த்தது. அவ்வூரில் 1917இல் பிறந்த வ.சுப. மாணிக்கனார் பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அகத்திணை பற்றிய அவருடைய ஆராய்ச்சி ஆங்கிலத்திலும் ‘தமிழ்க் காதல்’ எனத் தமிழிலும் நூலாக வந்தது. வாழ்வின் பிற்பகுதியில் அவர் தமிழ்வழிக் கல்வி இயக்கத்தைத் தோற்றுவித்து அதற்காக ஊர்ஊராகச் சென்றார். ஆங்கிலத்தில் எழுத வல்லவராக இருந்துகொண்டே தமிழ்வழியை வலியுறுத்தியவர் என்பதால் அவருடைய நிலைப்பாடு எடை மிக்கது. ஆங்கிலம் அறியாமையிலிருந்து எழுந்த கோரிக்கையாக அதை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே அறிவியல் ஆங்கிலத்திலும் இலக்கியம் தமிழிலும் என இரு கல்வி மரபுகள், ஒன்றின் வகுப்பறைக்குள் மற்றொன்று நுழையாமலேயே வளர்ந்தன.

அரசுக் கொள்கையின் வரலாறு பெரும் முயற்சிகளும் பெரும் தயக்கங்களும் கலந்தது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பு சோதனை முறையில் தமிழ்வழியில் தொடங்கப்பட்டது. 1964–66இல் பணியாற்றிய கோத்தாரி குழு, ஏறத்தாழ பத்தாண்டுகளில் பல்கலைக்கழக நிலையில் மாநில மொழிகள் பயிற்றுமொழியாக வேண்டும் என்றது. 1968 ஜனவரி 23 அன்று சென்னை மாநிலச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. கல்லூரிகளில் ஐந்தாண்டுகளுக்குள் தமிழைப் பயிற்றுமொழியாக்கும் நோக்கமும் அதில் இடம்பெற்றது. பல்கலைக்கழக நிலைப் பாடநூல்களை உருவாக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் மத்திய அரசு ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் இயற்பியல், வேதியியல், நிலவியல், பொருளியல், உளவியல் முதலிய துறைகளில் நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியமும் 1981இல் தஞ்சாவூரில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் தமிழ்ப் பணிகளும் இதே உழைப்பைச் சார்ந்தவை.

இவ்வளவு உழைத்தும் அறிவியல், பொறியியல் வகுப்புகளில் தமிழ்வழி வேரூன்றாததற்குக் காரணங்கள் தெளிவானவை. நூல்கள் ஒரு முறை எழுதப்பட்டன. பாடத்திட்டம் மாறியபோது அவை திருத்தப்படவில்லை. ஒரே கருத்துக்கு நூலுக்கு நூல் வெவ்வேறு கலைச்சொல் வந்தது. பட்டமேற்படிப்பும் ஆய்வும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்ததால், தமிழில் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியர் தாம் கற்காத மொழியில் கற்பிக்க நேர்ந்தது. தமிழ்வழி மாணவருக்கு ஆங்கிலத்தை உரிய முறையில் கற்பிக்கும் ஏற்பாடு இல்லாததால், வேலைவாய்ப்பு பறிபோகுமோ என்று பெற்றோர் அஞ்சினர். இந்த அச்சத்தைத் தமிழ்ப்பற்றின் குறைவாகக் காண்பது தவறு. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோதும் இதே அச்சம் குறுக்கே நின்றது; பின்னாளில் சேர்க்கை குறைந்தது.

அதே 2010இல் வந்த சட்டம், தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை அளித்தது. பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. தமிழுக்கு வேலைவாய்ப்பின் வலிமை சேர்த்த சட்டம் அது, அந்நோக்கம் பாராட்டுக்குரியது. ஆனால் பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழில் முடித்து, தமிழ்வழி வகுப்பே இல்லாத கல்லூரியில் சேர்ந்தவருக்கு, பட்டத் தகுதி கோரும் பணிகளில் இம்முன்னுரிமை கிட்டுவதில்லை. பயிற்றுமொழி என்ற ஒற்றைப் பதிவு வகுப்பறையின் உண்மை நிலையைக் காட்டாததன் விளைவு இது.

ஈழத்து அனுபவம் இரு பக்கப் பாடங்களைத் தருகிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களை மாணவர் துணையோடு தமிழாக்கினார். கலைச்சொல் பட்டியல்களும் தொகுத்தார். நூல், சொற்பட்டியல், பயிற்சி மூன்றும் ஒரே இடத்தில், கற்பிப்பவர் கையிலேயே உருவானதால் அம்முயற்சி நடைமுறையில் பயன்பட்டது. 1960களில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைத்துறைகள் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறின. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில் நீடித்தன. கிராமத்து மாணவர்கள் பெருமளவில் பல்கலைக்கழகம் சேர முடிந்தது பெரும் பேறு. ஆங்கில நூல்களைத் தாமே படிக்கும் பயிற்சி இன்றி வெளிவந்த கலைப் பட்டதாரிகள் வேலையின்றித் தவித்தது அதன் மறுபக்கம்.

ஆங்கிலம் ஒன்றே போதும் என்ற மறுமுனையும் நிற்காது. அன்றாட உரையாடலுக்கு வேண்டிய மொழித்திறனும் பாடத்தைக் கற்க வேண்டிய மொழித்திறனும் வேறானவை என்று கனடா நாட்டு அறிஞர் ஜிம் கமின்ஸ் 1979இல் எடுத்துக்காட்டினார். முன்னது ஓரிரு ஆண்டுகளில் கைகூடும். பின்னதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தேவைப்படலாம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் அந்தக் கால அளவே இல்லை. முதல் மொழியில் ஆழமாகப் பெற்ற கருத்தறிவு இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்பது அவருடைய மற்றொரு முடிவு. தமிழில் விளங்கிக்கொள்வது ஆங்கிலத்துக்கு இடையூறு என்ற பழைய எண்ணத்துக்கு இதன்பின் இடமில்லை.

வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் 1994இல் விவரித்த கற்பித்தல் முறை இவ்வடிப்படையில் அமைந்தது. மாணவர் ஒரு மொழியில் படிக்கிறார் அல்லது கேட்கிறார். மற்ற மொழியில் விவாதிக்கிறார் அல்லது எழுதுகிறார். இரு மொழிக்கும் திட்டமிட்ட பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு–நட்டால் பல்கலைக்கழகம் 2014இல் இளநிலை மாணவர்க்கு சூலு மொழித்தாளைக் கட்டாயமாக்கியது. 2020இல் அந்நாடு வெளியிட்ட உயர்கல்வி மொழிக் கொள்கைச் சட்டகம், ஆப்பிரிக்க மொழிகளைக் கற்பித்தலிலும் ஆய்விலும் பயன்படுத்தும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்தது.

புதுக்கோட்டை வகுப்பறையில் இந்த இருமொழிக் கற்பித்தல் முறை எப்படி இயங்கும் என்பதற்கு நீரியல் பாடம் நல்ல இடம். இம்மாவட்டம் ஏரி, கண்மாய், ஏந்தல், குளங்களால் ஆனது. நீரை வெளியேற்றும் குமிழித்தூம்புகளும், அவற்றை அமைத்தவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டுகளும் பல ஊர்களில் காணப்படுகின்றன. கலிங்கு, மதகு, மடை, வாய்க்கால் என்ற சொற்கள் விவசாயக் குடும்பத்து மாணவருக்கு நாவில் உள்ளவை. நீரழுத்தம், ஓட்ட வேகம், வண்டல் வெளியேற்றம் ஆகிய கருத்துகளைக் குமிழித்தூம்பின் அமைப்பைக் கொண்டு தமிழில் விளக்கலாம். பிறகு அதே கருத்துகளுக்கான ஆங்கிலப் பாடநூல் பகுதியை வகுப்பில் சேர்ந்து படிக்கலாம். மூன்றாவதாக, மாணவர் தம் ஊர்க் கண்மாயை அளந்து தமிழில் அறிக்கையும் ஆங்கிலத்தில் சுருக்கமும் எழுதலாம். இந்த மூன்று படிகளில் தமிழ் சிந்தனைக்கும், ஆங்கிலம் உலக அறிவோடு தொடர்புக்கும் பயன்படுகின்றன. எந்த மொழியும் ஒளிந்து உள்ளே வர வேண்டியதில்லை.

தேசிய அளவில் இதற்கான இடம் ஓரளவு உருவாகியுள்ளது. 2020 தேசியக் கல்விக் கொள்கை தாய்மொழிவழி அல்லது இருமொழிவழிப் படிப்புகளைப் பரிந்துரைக்கிறது. 2021இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பொறியியல் படிப்புக்கு இசைவளித்தது. ஆங்கிலவழிப் படிப்பிலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதிக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. 1976இல் கல்வி பொதுப் பட்டியலுக்குச் சென்றபின் இத்தகைய அறிவிப்புகள் தில்லியிலிருந்து வருவது இயல்பாகிவிட்டது. தமிழ்நாட்டின் வகுப்பறையை அறிந்த பல்கலைக்கழகங்கள் தம் விதிகளைத் தாமே வகுப்பதே நிலைக்கும். ஆசிரியரும் நூலும் ஆயத்தமாகாத இடத்தில் அனுமதி மட்டும் மாணவருக்குத் துணையாகாது.

இம்மாநாட்டின் ஆய்வுக்கும் தீர்மானத்துக்கும் உரிய பரிந்துரைகள் ஆறு. முதலாவது, வினாத்தாள் எல்லாத் துறைகளிலும் இரு மொழியில் அமைய வேண்டும். மாணவர் விரும்பிய மொழியில் விடை எழுதவும், கலைச்சொல்லை எம்மொழியில் எழுதினாலும் மதிப்பெண் பெறவும் விதி வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு தாளுக்கும் பாடத்திட்டத்தோடு இருமொழிக் கலைச்சொல் பட்டியல் இணைக்கப்பட்டு, பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் திருத்தப்பட வேண்டும். மூன்றாவது, இரு மொழியில் கற்பிப்பது ஆசிரியர் பயிற்சியில் தனித் திறனாக இடம்பெற வேண்டும். நான்காவது, பகுதி 2 ஆங்கிலத்தாள் செய்யுளும் சிறுகதையும் மட்டுமன்றி, மாணவரின் துறைநூலைப் படிக்கவும் எழுதவும் பயிற்றுவதாக மாற வேண்டும். ஐந்தாவது, முனைவர் பட்ட ஆய்வேடு ஒவ்வொன்றுக்கும் விரிவான தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக வேண்டும். தமிழில் புதிய அறிவு சேராவிட்டால் தமிழ்வழிக் கல்வி பழைய நூல்களில் தேங்கிவிடும். ஆறாவது, வீட்டில் தெலுங்கும் உருதும் நரிக்குறவரின் வாக்ரிபோலியும் பேசும் மாணவருக்குத் தமிழே இரண்டாம் மொழி என்பதை நினைவில் கொண்டு, அவர்களுக்கான தொடக்கப் பயிற்சி அமைய வேண்டும்.

இவற்றுள் முதல் இரண்டும் பல்கலைக்கழகக் கல்விக்குழுவின் ஒரே கூட்டத்தில் முடிவெடுக்கக் கூடியவை. அடுத்த இரண்டுக்கு ஓரிரு ஆண்டுப் பயிற்சியும் பாடத்திட்டத் திருத்தமும் வேண்டும். கடைசி இரண்டும் தொடர்ந்து நிதி கோருபவை. மாநாட்டின் அமர்வுகள் இவ்வரிசையில் விவாதித்து, ஒவ்வொன்றையும் நிறைவேற்றும் பொறுப்பு கல்லூரிக்கா, பல்கலைக்கழகத்துக்கா, அரசுக்கா என்று பிரித்துச் சொல்லுமானால், அரை நூற்றாண்டுக்கு மேலாக விருப்பமாகவே நிற்கும் ஒரு கொள்கை வகுப்பறை நடைமுறையாகும்.