பூவா, தலையா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இஞ்சினியருக்குப் பழங்காசில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு பழைய கட்டடத்தைச் சீர்செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. வரைபடம் ஒன்றுகூட இல்லை. இடிந்த முகப்பு எப்படி இருந்தது என்று கடைசியில் காட்டிக்கொடுத்தது, திறப்பு விழா அழைப்பிதழில் இருந்த தீப்பெட்டி அளவுப் படம்தான். உலகப் புகழ்பெற்ற ஒரு சிலைக்கும் ஏறக்குறைய இதே கதைதான் என்று பிறகு படித்தேன்.

ரோமப் பேரரசின் கிழக்கு மாகாணங்களில், கி.பி. 3-ஆம் நூற்றாண்டு வரை, நூற்றுக்கணக்கான ஊர்கள் சில்லறைக்காகத் தாங்களே வெண்கலக் காசு அடித்தன. தலைப் பக்கம் பெரும்பாலும் பேரரசர். பூப் பக்கம் மட்டும் ஊராருடையது. அங்கே தங்கள் சாமியை வைத்தார்கள்.

ஒலிம்பியாவில் ஃபிடியாஸ் என்ற சிற்பி கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் செய்த ஜீயஸ் சிலை, தங்கமும் தந்தமுமாக ஏறத்தாழ 12 மீட்டர் உயரம். இன்று அது இல்லை. ஆனால் ஹேட்ரியன் காலத்தில் (117–138) எலிஸ் நகரம் அடித்த காசில் அந்த ஜீயஸ் அரியணையில் அமர்ந்திருக்கிறார். வலக்கையில் வெற்றித் தேவதை, இடக்கையில் செங்கோல். நேரில் பார்த்த பௌசானியாஸ் எழுதிவைத்ததும் இதோடு ஒத்துப்போகிறது.

சைப்ரஸ் காசுகளில் பாஃபோஸ் கோயில் வருகிறது. அங்கே அஃப்ரோடைட்டிக்கு மனித உருவம் கிடையாது. கூம்பு வடிவக் கல்தான் தெய்வம். காசிலும் அதே கல்!

இன்னும் வியப்பு, ஃபிரிஜியாவின் அபமியா. மன்னர் பிலிப் காலத்துக் (244–249) காசில் ஒரு பெட்டி, உள்ளே ஆணும் பெண்ணும், மேலே பறவை, பெட்டியில் 'நோவே' என்ற கிரேக்க எழுத்து. ஆமாம், பைபிளில் வரும் நோவாதான். பக்கத்திலேயே அந்த இருவரும் கரையேறிக் கைதூக்கி நிற்கிறார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எபேசு நகரின் ஆர்டெமிஸ் கோயிலுக்குச் சில காசுகளில் எட்டுத் தூண், சிலவற்றில் நான்கே தூண். உள்ளேயிருக்கும் அம்மன் தெரியவேண்டும் என்று நடுத்தூண்களை எடுத்துவிட்டான் அச்சு வெட்டியவன். அளவெடுக்க உதவாது, எதை முக்கியமாக நினைத்தார்கள் என்பது தெரியும்.

சிலை போயிற்று, கோயில் போயிற்று, சில்லறை நின்றது. தம்பி தங்கைகளே, நீங்கள் கட்டுவதை ஒரு சின்னப் படமாவது வரைந்து, பெயரெழுதி வையுங்கள். பின்னால் வருகிறவனுக்குக் கைகொடுக்கும்.