தும்பாவில் ஏறிய ராக்கெட்டும் நம் மஹல்லாவின் பிள்ளைகளும்

(மதரஸா ஆண்டு விழாவில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்களைக் குடியரசுத் தலைவராக நாம் அனைவரும் அறிவோம். அப்பதவிக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், அதிகம் அறியப்படாத ஓர் இளம் பொறியாளராக அவர்கள் உழைத்த காலத்தையே இன்று நினைவுகூர விரும்புகிறோம்.

1931 அக்டோபர் 15 அன்று இராமேஸ்வரத்தில் பிறந்த அவர்களின் தகப்பனார் படகு வைத்திருந்தவர். பள்ளிவாசலில் இமாமத் செய்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பயின்ற பின், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. வீட்டில் பணம் இல்லை. தமக்கையார் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைச் சேர்த்தார்கள்.

1962இல் டாக்டர் விக்ரம் சாராபாய் தலைமையில் இந்திய விண்வெளி ஆராய்ச்சித் தேசியக் குழு அமைந்தது. பூமியின் காந்த நடுக்கோடு கேரளத்தின் தும்பா அருகே செல்வதால், வளிமண்டலத்தின் உயரடுக்குகளை ஆராய அம்மீனவக் கிராமமே ஏற்ற இடமெனக் கண்டார்கள். ஆனால் அங்கே புனித மரிய மக்தலேனா தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தம் மக்களிடம் எடுத்துக் கூற, அவர்கள் ஆலயத்தையும் குடியிருப்புகளையும் விட்டுக்கொடுத்தனர். தொழுகைக்கூடமே ஆய்வுக்கூடமாயிற்று. இன்று அக்கட்டடம் விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

குழுவில் சேர்ந்த கலாம் அவர்கள் பயிற்சிக்காக அமெரிக்காவின் நாசா நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே வாலப்ஸ் தீவின் வரவேற்பறையில் ஓர் ஓவியம் மாட்டப்பட்டிருந்தது. ஆங்கிலேயரை எதிர்த்து ராக்கெட்டுகளை ஏவும் திப்பு சுல்தானின் படை! தன் நாட்டில் மறக்கப்பட்ட ஒரு சிறப்பைக் கடல்கடந்த மண்ணில் கண்டது அவர்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1963 நவம்பர் 21 மாலை தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. நைக்கி-அப்பாச்சி என்னும் அந்த ராக்கெட்டை அமெரிக்கா தந்தது. சோடியம் ஆவியை வெளியிடும் கருவியைப் பிரான்ஸ் தந்தது. பின்னர் சோவியத் நாடு கணினியும் ஹெலிகாப்டரும் தந்தது. பனிப்போரில் எதிரெதிரே நின்ற வல்லரசுகள் தென்னஞ்சோலை நிழலில் ஒன்றுகூடின. 1968 பிப்ரவரி 2 அன்று அத்தளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ராக்கெட்டின் பாகங்களை ஒருங்கிணைப்பதும் பாதுகாப்பும் கலாம் அவர்களின் பொறுப்பு. ஏவுதளத்தில் ஏற்றும்போது பாரந்தூக்கியில் கசிவு ஏற்பட்டது. நேரமோ நெருங்கிவிட்டது. எல்லோருமாகக் கைகொடுத்துத் தூக்கி நிலைநிறுத்தினார்கள். தரையில் இருள் கவிந்தாலும் வானுயரத்தில் வெயில் இருக்கும் அந்தி வேளையில் சோடியம் ஆவி ஒளிர்ந்தது. அது சிதறிய விதத்தைக் கொண்டு உயரக் காற்றின் வேகத்தையும் திசையையும் கணித்தனர்.

அதன்பின் 1979 ஆகஸ்டு 10 அன்று, அவர்கள் திட்ட இயக்குநராயிருந்து ஏவிய எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. ஸபூரோடு குறைகளை ஆராய்ந்தார்கள். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

அன்புச் சகோதரர்களே! நம் ஊர் பீங்கான் நகரம். களிமண் எத்தனை உயர்ந்ததாயினும் சூளையின் வெப்பத்தைத் தாங்கினாலன்றிக் குவளையாகாது என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981இல் பறந்த கொலம்பியா விண்ணோடத்தை நெருப்பிலிருந்து காத்தவையும் பீங்கான் இனத்து ஓடுகளே. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் நம் ஊரிலேயே உள்ளது. ஆயினும் நம் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்போடு நின்று கூலிக்குச் செல்கின்றனர்; நல்ல மதிப்பெண் பெற்ற பெண்மக்களும் வீட்டோடு நிறுத்தப்படுகின்றனர்.

ஆகவே ஜமாஅத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, மதரஸாவின் மாடிக்கூடத்தை மாலை நேரங்களில் படிப்பகமாகத் திறந்துவிட வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு ஒரு மேசையும் விளக்கும் பெரிய உதவி. தும்பாவின் மக்கள் தங்கள் ஆலயத்தையே விட்டுக்கொடுத்தார்கள். நாம் கேட்பது இரவில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையை. இரண்டு, கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணமின்றித் தவிக்கும் பிள்ளைக்கு உடனடியாகத் தர ஒரு கல்விநிதி வேண்டும். எந்தத் தமக்கையும் வளையலைக் கழற்றும் நிலை நம் மஹல்லாவில் வரக்கூடாது.

கலாம் அவர்கள் 2015 ஜூலை 27 அன்று, ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக் கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து மறைந்தார்கள். அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.